கேஸ் அடிப்பதற்கு முன்: மாத்தளை வீடுகளில் பிரிட்ஜ் பழுதும் பரிசோதனையும்

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் வேலை, தன் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துச் சென்று வெளிக்காற்றில் விடுவதே ஆகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு, அப்பெட்டியில் தோன்றும் கோளாறுகள் பலவற்றின் காரணம் தானாகவே புலப்படத் தொடங்கும். மக்கள் பிரிட்ஜ் என்றே வழங்கும் இக்கருவியின் பின்புறத்தில், அடிப்பகுதியில் அமைந்திருக்கும் கொம்பிரசர் எனப்படும் அமுக்கி, குழாய்களுக்குள் ஓடும் கேஸை அழுத்திச் சூடாக்கி, கண்டென்சர் எனப்படும் ஒடுக்கிக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அங்கே அந்தக் கேஸ் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகி, ஈரத்தையும் தூசையும் பிடித்துவைக்கும் ட்ரையர் என்ற சிறு வடிகட்டியைக் கடந்து, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துளையுடைய கெப்பிலரி என்ற செப்புக் குழாய் வழியே சென்று, எவாப்பரேட்டர் என்ற ஆவியாக்கியில் அழுத்தம் திடீரெனக் குறைவதால் கொதித்து ஆவியாகும்போது, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கொம்பிரசருக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முழுவதும் பற்றவைத்து மூடப்பட்ட ஒரே பாதையாகும். வாகனத்தின் பெற்றோலைப்போல் அதிலுள்ள கேஸ் எரிந்து தீர்வதில்லை. எங்கும் துளை விழாதவரை, எத்தனை ஆண்டு ஓடினாலும் அதே அளவு கேஸ் அதே குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆயினும், பிரிட்ஜ் குளிரவில்லை என்றதும் ‘கேஸ் முடிந்துவிட்டது, கேஸ் அடிக்க வேண்டும்’ என்ற சொல்லே முதலில் எழுகிறது. வீட்டாரும் அதை நம்பிப் பணம் கொடுக்கின்றனர். உண்மையில், மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின் கடைசியாக நினைக்க வேண்டிய காரணம் அது. மூடிய சுற்றுக்கு வெளியே இருப்பவை அனைத்தையும், அதாவது மின்சாரம், காற்றோட்டம், கதவு ரப்பர், வடிகால், மின்விசிறி, பனி உருக்கும் பாகங்கள், கொம்பிரசரைக் கிளப்பும் ரிலே ஆகியவற்றை, கவனமும் ஒரு மல்டிமீட்டரும் உடைய எந்தக் குடும்பத்தாரும் சோதித்தறியலாம் என்பதும், மூடிய சுற்றைப் பயிற்சியும் கருவியும் இல்லாதவர் தொடவே கூடாது என்பதும் இச்சொற்பொழிவு வலியுறுத்தும் கருத்தாகும்.

அண்மைக்காலத்தில் இந்த அறிவின் தேவை இலங்கையில் கூடியிருக்கிறது. வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியால் வீட்டு மின்சாதனங்களின் இறக்குமதி இறுக்கப்பட்டு, 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது, புதிய பிரிட்ஜ் ஒன்றை வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத காரியமாயிற்று. அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பின்னர் ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்தது. கோளாறுள்ள பிரிட்ஜ் நின்றுவிடுவதைவிட, ஓய்வின்றி ஓடிக்கொண்டே இருப்பதுதான் குடும்பத்துக்கு அதிக இழப்பைத் தருவது. ஏனெனில் அந்த இழப்பு மாதாமாதம் மின்பட்டியலில் மறைந்து நிற்கிறது.

மாத்தளை மாவட்டத்தின் நிலவமைப்பு இக்கருவியை இரு முனைகளிலும் சோதிக்கிறது. வடக்கே தம்புள்ளை, கலேவெல, சீகிரியா ஆகிய உலர்வலயப் பகுதிகளில் ஏப்ரல் மாத வெயிலிலும், ஆவணி வரை நீளும் வறட்சியிலும், வெப்பத்தை வெளியே தள்ளக் கண்டென்சர் மிகவும் உழைக்க வேண்டியிருக்கிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைச்சரிவில் ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ, ரிவர்ஸ்டன் பக்கங்களில் ஈரமும் பனிமூட்டமும் மிகுதி. பிரிட்ஜின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருக்கும் விவரப் பட்டியில் ‘டி’ என்ற காலநிலை வகை குறிக்கப்பட்டிருந்தால், அது 16 முதல் 43 பாகை செல்சியஸ் வரையான அறை வெப்பத்துக்கென வடிவமைக்கப்பட்டது என்பது பொருள். மலைத்தோட்டங்களில் மார்கழி, தை மாத இரவுகளில் அறையே அந்த எல்லைக்குக் கீழே போகும்போது, கீழறையின் வெப்பத்தை மட்டும் அளந்து கொம்பிரசரை இயக்கும் தெர்மோஸ்டாட், ‘போதிய குளிர் இருக்கிறது’ என்று கருதி நெடுநேரம் இயந்திரத்தை நிறுத்திவைக்கிறது. அதனால் மேலே உள்ள உறைபெட்டியின் ஐஸ் இளகுகிறது. இது பழுதன்று. தெர்மோஸ்டாட் திருகியைக் குளிர்காலத்தில் கூடுதல் குளிருக்குத் திருப்பி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் இந்த நிலைக்காகக் கேஸ் மாற்றுவது வீண் செலவு.

பழுது தேடுதல் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அது 6 சதவீதம் கூடவோ குறையவோ, அதாவது ஏறத்தாழ 216க்கும் 244க்கும் இடையே, இருக்கலாம் என்பது விதி. ட்ரான்ஸ்போமரிலிருந்து நெடுந்தூரம் இழுக்கப்பட்ட கம்பியின் கடைசியில் இருக்கும் லயன் வீடுகளில், மின்பாவனை உச்சத்துக்கு ஏறும் மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடையில் இந்த அளவு இன்னும் கீழே விழக்கூடும். காலையில் நன்றாக ஓடிய பிரிட்ஜ் மாலையில் மட்டும் முனகி நிற்குமானால், குற்றம் பெட்டியில் இல்லை, வரும் மின்சாரத்தில் இருக்கிறது. ஆகவே, மல்டிமீட்டரால் அளப்பதானால் அந்த நேரத்தில்தான் அளக்க வேண்டும். வட்டமுனைப் பழைய சொக்கட்டில் அடப்டர் செருகி, அதில் சதுரமுனைப் பிளக்கைச் செருகிய வீடுகளில், தளர்ந்த முனை சூடேறிக் கருகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கருகிய பிளக்கைச் சுரண்டித் திரும்பவும் செருகுவதைவிட மாற்றிவிடுவதே தக்கது.

ட்ரிப் சுவிட்ச் விழுவதும் ஒரு செய்தியே. செருகிய உடனே விழுந்தால் கொம்பிரசரிலோ வயரிலோ மின்கசிவு இருக்கலாம். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை விழுந்தால், அந்த இடைவெளிகளில் மட்டும் இயங்கும் பனி உருக்கும் ஹீட்டரில் ஈரம் புகுந்திருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. தொந்தரவு என்று கருதி ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே இணைப்புக் கொடுப்பது, ஈரக் கையோடு கதவைத் திறக்கும் பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. அதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது.

அடுத்து, வெப்பம் வெளியேறும் வழி. பழைய பெட்டிகளில் கண்டென்சர் பின்புறக் கறுப்புக் கம்பிவலையாகத் தெரியும். புதியவற்றில் அது பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். அதனால்தான் அவற்றின் பக்கங்கள் தொட்டால் சுடுகின்றன, அது இயல்பே. விறகடுப்பின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த அடுக்களையிலோ, மிளகும் கராம்பும் காயவைத்துப் புடைக்கும் வீட்டின் தூசியிலோ இருக்கும் பெட்டியில் கம்பிவலை முழுவதும் ஒரு போர்வை படிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் அதைத் துடைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டாலே குளிர் திரும்பிய பெட்டிகள் பல. விருந்தினர் அறையில் நிறுத்தி, அழகுக்காகத் தலையிலிருந்து பக்கங்கள் வரை உறை போர்த்தும் பழக்கம், சுவருக்குள் கண்டென்சர் உள்ள பெட்டிகளுக்கு மூச்சை அடைப்பதாகும். அந்த உறையைப் பக்கங்களில் இருந்தேனும் அகற்ற வேண்டும்.

கதவு ரப்பர் மலைநாட்டு ஈரக்காற்றின் நுழைவாயில். ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், தடையின்றி வழுகி வரும் இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று அறியலாம். அழுக்கைச் சவர்க்கார நீரால் துடைத்து, வளைந்த இடத்தைச் சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தினால் பல நேரங்களில் புது ரப்பர் தேவைப்படாது. காய்கறிப் பெட்டியின் அடியில் நீர் தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வடிகால் துளையின் அடைப்பு. உள்ளே உருகும் பனிநீர் அத்துளை வழியே பின்னால் இறங்கி, கொம்பிரசரின் மேலுள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிப் போக வேண்டும். வெதுவெதுப்பான நீரும் வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாயும் கொண்டு அந்த வழியைத் திறந்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் உறைபெட்டிச் சுவரே எவாப்பரேட்டர். மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் கேஸ் ஓடுகிறது. அதில் படிந்த ஐஸைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்திப் பெயர்ப்பவர், நல்ல நிலையிலிருந்த ஒரு பெட்டிக்குத் தம் கையாலேயே துளை போடுகிறார். பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்துவைத்தால் ஐஸ் தானே உருகும்; அதற்குத் தேவைப்படுவது அரைநாள் பொறுமை மட்டுமே.

‘நோ ஃப்ரொஸ்ட்’ எனப்படும் இரட்டைக் கதவுப் பெட்டிகளின் கோளாறு சற்று விரிவாகப் பேச வேண்டியது; ஏனெனில் இங்கேதான் ‘கேஸ் இல்லை’ என்ற தவறான தீர்ப்பு அடிக்கடி வழங்கப்படுகிறது. இவ்வகையில் எவாப்பரேட்டர் உறைபெட்டியின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு சிறு மின்விசிறி அதன் குளிரை மேலும் கீழும் அனுப்பும். கதவு திறக்கும்போதெல்லாம் புகும் ஈரம் அந்தக் குழாய்களில் பனியாகப் படிவதால், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை கொம்பிரசரை நிறுத்தி, ஹீட்டரை ஏற்றி, அப்பனியை உருக்கும் ஏற்பாடு உண்டு. பழைய வகைகளில் இதை ஒரு டைமரும், புதியவற்றில் மின்னணுப் பலகையும் நடத்துகின்றன. சூடு போதிய அளவு ஏறியதும் ஹீட்டரை நிறுத்த, இரு உலோகத் தகடுகள் ஒட்டிய பைமெட்டல் என்ற ஆளியும், அதுவும் தவறினால் எல்லாவற்றையும் துண்டிக்க ஒரு வெப்ப உருகியும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் பனி உருகாமல் சுவராக வளர்ந்து காற்று வழியை அடைத்துவிடும். மேலே ஐஸ் இருக்க, கீழே பால் புளிக்கும்.

இதை எந்தக் கருவியுமின்றி உறுதிசெய்யலாம். பெட்டியை வெறுமையாக்கி, பிளக்கைக் கழற்றி, இரு கதவுகளையும் ஒரு முழு நாள் திறந்துவைத்து, நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் ஓடவிட வேண்டும். கீழறை முன்போல் குளிர்ந்து, சில நாட்களில் மறுபடியும் கெட்டுப்போனால், கேஸ் அங்கேயே இருக்கிறது, பனி உருக்கும் ஏற்பாடுதான் தவறியிருக்கிறது என்பது முடிவு. மல்டிமீட்டர் உள்ளவர் அதற்கு மேலும் போகலாம்: 150 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 350 ஓம் தடையைக் காட்ட வேண்டும், எதுவும் காட்டாவிட்டால் அது அறுந்துவிட்டது. வெப்ப உருகி எப்போதும் தொடர்ச்சி காட்ட வேண்டும்; பைமெட்டல் குளிரில் மட்டும் தொடர்ச்சி காட்டும் என்பதால், அறைச் சூட்டில் சோதித்து அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. விசிறி சுழலவில்லை என்று கருதுபவர், கதவு திறந்திருக்கையில் அது நின்றுவிடுவது இயல்பு என்பதை நினைவிற்கொண்டு, கதவு ஆளியை விரலால் அழுத்திப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

விளக்கு எரிகிறது, கொம்பிரசர் சில நொடிகள் முனகுகிறது, ‘டிக்’ என்ற ஒலியோடு அடங்குகிறது, சில நிமிடம் கழித்து மீண்டும் அதே முயற்சி. பெரும்பாலான வீடுகளுக்கு அறிமுகமான இந்த நாடகத்தில், ‘டிக்’ என்பது ஓவர்லோட் எனப்படும் பாதுகாப்பு ஆளி துண்டிக்கும் ஒலி. கரண்ட் போய் உடனே திரும்ப வந்தால் நல்ல பெட்டியிலும் இது நிகழும். குழாயின் இருபக்க அழுத்தமும் சமனாகாதவரை மோட்டாரால் கிளம்ப இயலாது. எனவே மின்சாரம் போனதும் பிளக்கைக் கழற்றி, திரும்ப வந்து ஐந்து நிமிடமேனும் கழிந்த பின் செருகுவது கொம்பிரசருக்குச் செய்யும் நன்மை. ஓய்வுக்குப் பின்னும் முனகல் தொடர்ந்து, மின்னழுத்தமும் சரியாக இருந்தால், அடுத்த ஐயம் ஸ்டார்ட்டிங் ரிலேமீது விழ வேண்டும். இன்றைய பெட்டிகளில் இது பிடிசி எனப்படும் ஒரு பீங்கான் வில்லை. சூடேறினால் தடை பெருகும் தன்மையுடையதாகையால், மோட்டார் கிளம்பும் நொடியில் மின்சாரத்தை விட்டுவிட்டு உடனே தன் வழியை அடைத்துக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றிய பின், கொம்பிரசரின் பக்கத்து மூடியைத் திறந்து ரிலேயை உருவி எடுத்துக் குலுக்கினால், உள்ளே உடைந்த வில்லை கலகலக்கும் ஒலியே பல வேளை விடை சொல்லிவிடும். அருகே கெப்பாசிட்டர் இருந்தால், அது பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால், மின்னிறக்கம் செய்யாமல் அதன் முனைகளைத் தொடலாகாது.

ரிலேயை எடுத்ததும் தெரியும் மூன்று முனைகள் பொது, தொடக்கம், ஓட்டம் என்பனவாகும். அவற்றை இரண்டிரண்டாக அளந்தால் வரும் மூன்று தடைகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்; எடுத்துக்காட்டாக 12, 18 ஓம் வந்தால் மூன்றாவது 30 ஆகும். எந்த முனைக்கும் கொம்பிரசரின் இரும்புடலுக்கும் இடையே தொடர்ச்சி இருத்தலாகாது. இவ்வளவும் சரியாக இருந்தால் மோட்டாரின் சுருள் நலமாகவே இருக்கிறது. அந்நிலையில், கொம்பிரசரையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் முதலில் ஒரு புதிய ரிலேயைப் போட்டுப் பார்க்குமாறு கேட்கலாம். இன்வேர்ட்டர் வகைப் பெட்டிகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவற்றின் மூன்று தடைகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும், ரிலேயின் இடத்தில் மின்னணுப் பலகை இருக்கும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமின்னல் முதலில் பலி கொள்வது அந்தப் பலகையைத்தான்; சூட்டைத் தேடி உள்ளே புகும் பல்லியும் எறும்பும் அதற்கடுத்த பகை. வானம் இருளும்போது பிளக்கைக் கழற்றும் பழக்கம் இங்கே பெருஞ்செலவைத் தவிர்க்கிறது.

இத்தனையும் கடந்த பின்னரே மூடிய சுற்றைப் பற்றி நினைக்க வேண்டும். கொம்பிரசர் ஓய்வின்றி ஓடியும் கண்டென்சர் சூடேறாமலும், எவாப்பரேட்டரின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்ற இடம் வெறுமையாகவும் இருப்பது கேஸ் குறைந்ததன் அடையாளம். குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் ஐயம் உறுதிப்படும். உள்ளிருக்கும் கேஸ் எது என்பதை விவரப் பட்டி சொல்லும். பழைய ஆர் 12 ஓசோன் படலத்தை அழிப்பதால், 1987 செப்டம்பர் 16இல் கைச்சாத்தான மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1989இல் இணைந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதாயினும், புவியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்கு அளவு வலியது. இன்றைய பெட்டிகளில் உள்ள ஆர் 600ஏ, ஐசோபியூட்டேன் என்ற எரியும் வாயு. சில பத்துக் கிராமே நிரப்பப்பட்டாலும், காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தங்கும் அதற்கு எச்சரிக்கும் மணம் சேர்க்கப்படுவதில்லை. அத்தகைய சுற்றைத் தீச்சுடரால் பற்றவைக்க முயல்வது பயிற்சி பெற்றவருக்கே உரிய வேலை. மலிவு கருதிச் சமையல் கேஸைப் பிரிட்ஜுக்குள் ஏற்றுவது இன்னும் கொடியது. ஆர் 134ஏவுக்கென அமைந்த பெட்டியின் ஆளிகளும் தெர்மோஸ்டாட்டும் தீப்பொறி எழாதவாறு அமைக்கப்பட்டவை அல்ல. 2021 இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த சமையல் கேஸ் வெடிப்புகளைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழுது தீரும்வரை உள்ளிருக்கும் பொருளைக் காப்பதும் வேலையின் ஒரு பகுதியே. திறக்காத பிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணித்தியாலமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் குளிரைத் தாங்கும். இன்சுலின் 2க்கும் 8 பாகைக்கும் இடையே இருக்க வேண்டியது; அது உறைந்துபோனால் மீண்டும் பயன்படாது என்பதால், ஐஸோடு ஒட்ட வைக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நேர்ந்ததுபோல் வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, மேற்புறம் காய்ந்தது என்று நம்பிச் செருகுவது ஆபத்து. சுவரின் நுரைக்காப்பும் ரிலே அறையும் நீரை நெடுநாள் பிடித்துவைப்பதால், மின்வேலை அறிந்தவர் கசிவை அளந்து பார்க்கும்வரை அது அணைந்தே இருக்க வேண்டும்.

பழுதுபார்ப்பவரை அழைக்கும் குடும்பத்தார், விவரப் பட்டியின் படத்தையும், கோளாறு எந்த நேரத்தில் எப்படித் தோன்றியது, எவற்றைச் சோதித்தாயிற்று என்ற குறிப்பையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்துவைக்க வேண்டும். அவர் உதவியாளராயினும் தேர்ந்தவராயினும் அக்குறிப்பு அவருடைய நேரத்தையும் வீட்டின் பணத்தையும் மிச்சமாக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. கேஸ் நிரப்ப வேண்டும் என்று சொல்பவரிடம், கசிவு எங்கே இருக்கிறது, ட்ரையர் மாற்றப்படுமா, வெற்றிடப் பம்பு கொண்டு குழாயின் ஈரமும் காற்றும் அகற்றப்படுமா, கேஸ் தராசில் கிராம் கணக்கில் நிறுக்கப்படுமா என்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். கசிவைக் காட்டாமல் கேஸ் அடிக்க முன்வருபவருக்கு, அவர் எவ்வளவு குறைந்த கூலி சொன்னாலும், அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.